முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஜீவனாம்சம் கேட்க முடியாதா?

கேள்வி: என் கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். குடித்துவிட்டு அடித்ததால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் ஏழு வயது மகளுடன் ஏற்காட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். காப்பித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறேன். ஊர்ப் பெரியவர்கள் பேசி, 'இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். விவாகரத்து ஆகவில்லை. 'எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் கிடைக்காது' என்கிறார் அவர். மகளுக்காவது பணம் கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: மகளுக்கு மட்டுமன்று, உங்களுக்கும் சேர்த்தே கேட்கலாம், சகோதரி. விவாகரத்து வரை காத்திருக்கவும் வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. எந்த மதத்தினரும் அதன்கீழ் மனுச் செய்யலாம். நீங்கள் இப்போது வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரவும் அந்தச் சட்டம் இடமளிக்கிறது.

அந்த முத்திரைத்தாள் உங்கள் மகளைக் கட்டுப்படுத்தாது. தந்தையிடம் பராமரிப்புப் பெறுவது குழந்தையின் உரிமை. அதைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. உங்கள் பங்கில்தான் கவனம் வேண்டும். கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதே பிரிவு சொல்வதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டுவார். ஆகவே, அடி தாங்காமல் வெளியேறியதையும், எந்த நெருக்கடியில் கையெழுத்திட்டீர்கள் என்பதையும் மனுவிலேயே விரிவாக எழுதுங்கள்; மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலைய ரசீது எதுவாயினும் இணையுங்கள்.

சம்பளச் சீட்டு இல்லை என்பது தப்பிக்கும் வழியன்று. 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபடி, இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தார்கள், எத்தனை ஜோடி கொலுசு திரும்பி வந்தது, கூலி எவ்வளவு என்று பட்டறையில் எழுதிவைக்கும் நோட்டு ஒன்று இருக்குமே, அதை வரவழைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீங்கள் கூலி வாங்குவதும் தடையாகாது. தொகையை நிர்ணயிக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் தாமதிப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதே தீர்ப்பின்படி, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்படும். கடந்த இரண்டு ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேரா. வழக்கு முடியும்வரை செலவுக்கு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். உத்தரவுக்குப் பிறகு அவர் கட்டத் தவறினால், நிலுவை விழுந்த ஓராண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட வேண்டும். கட்டாததற்காக அவர் சிறைக்குச் சென்று வந்தாலும் அந்த நிலுவை தீராது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேளுங்கள். திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீதுகள் ஆகியவற்றோடு, அந்த முத்திரைத்தாளின் நகல் இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.