பட்டறைக் கேள்வி–பதில்: பழைய சக்குக்குப் புது பேக் பிளேட்

கேள்வி: வீட்டுப் பட்டறையில் நாலரை அடி லேத் (கடைசல் எந்திரம்) வைத்திருக்கிறேன். ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) மரை வகை. இப்போது அதில் 200 மி.மீ. நாலு ஜா சக் (வேலைப்பொருளை நாலு தாடையால் பிடிக்கும் கருவி) இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் 160 மி.மீ. மூணு ஜா சக் ஒன்று மலிவாகக் கிடைத்தது, அதை ஸ்பிண்டிலில் மாட்டும் பேக் பிளேட் மட்டும் இல்லை. நானே கடைந்து மாட்ட முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாக முடியும். ஆனால் பேக் பிளேட்டுக்கு வார்ப்பு வாங்கப் போகும் முன் சக் அந்தச் செலவுக்குத் தகுந்ததா என்று பாருங்கள். மூன்று ஜாவிலும் அடித்திருக்கும் எண் சக் உடம்பில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா? வேறு சக்கின் ஜா உட்கார்ந்தாலும் மையம் சேராது. அடுத்து, துல்லியமாகக் கிரைண்ட் செய்த 20 மி.மீ. ராடு ஒன்றைப் பிடித்து இறுக்குங்கள். இறுக்கும்போதே ஒவ்வொரு ஜாவின் வாய்ப்பக்கத்திலும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி வையுங்கள். இறுக்கிய பிறகும் காகிதம் இழுத்தால் வந்துவிட்டால் ஜா வாய் விரிந்து தேய்ந்திருக்கிறது, ராடு உள்ளே மட்டுமே பிடிபடுகிறது என்று அர்த்தம். அதை கிரைண்ட் செய்து சரிப்படுத்தலாம். ஸ்க்ரோலின் (ஜாக்களை ஒன்றாக நகர்த்தும் உள் சுருள்தட்டு) பல் உடைந்திருந்தால் அந்தச் சக்கை விட்டுவிடுங்கள்.

இனி ஸ்பிண்டில். பலரும் மரைதான் சக்கை மையத்தில் நிறுத்துகிறது என்று நினைக்கிறார்கள். மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. மையம் தருவது மரைக்குப் பின்னால் உள்ள வழவழப்பான காலர், நேராக உட்கார வைப்பது அதற்கும் பின்னால் உள்ள தோள். அதனால் மரையைச் சற்றுத் தளர்வாக வெட்டினாலும் குற்றமில்லை. காலருக்கான துளை தளர்ந்தால்தான் மொத்த உழைப்பும் வீண்.

மரையை ஊகிக்காமல் மரை கேஜ் வைத்துப் பாருங்கள். ஒன்றரை அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை என்ற அளவு பரவலாக உண்டு. ஆனால் அதே அளவில் 55 பாகை விட்வொர்த்தும் இருக்கிறது, 60 பாகையும் இருக்கிறது. கேஜை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பக்கச்சுவரில் ஒளி கசிகிறதா என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பேக் பிளேட்டில் மரை வெட்டும்போது ஸ்பிண்டிலில் நாலு ஜா சக் இருக்கும். வெட்டிய மரை சரியா என்று ஸ்பிண்டிலிலேயே மாட்டிப் பார்க்க வழியில்லை. வார்ப்பைக் கழற்றினால் மையம் போய்விடும். ஆகவே முதல் வேலை, ஸ்பிண்டில் மூக்கின் அச்சு அசலாக ஒரு பிளக் கேஜ் (துளையில் நுழைத்துச் சோதிக்கும் மாதிரி) கடைந்துகொள்வது. மரை, காலர் இரண்டும் அதில் இருக்க வேண்டும். காலரை மைக்ரோமீட்டரில் அளந்து அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு அரை நாள் போகும், போகட்டும். பின்னால் இன்னொரு பேக் பிளேட் செய்யும்போதும் இதே கேஜ்தான் கைகொடுக்கும்.

வார்ப்பிரும்பு வார்ப்பை நாலு ஜாவில் விளிம்பைப் பிடித்து, ஸ்பிண்டிலில் ஏறும் கழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டுங்கள். முதல் வெட்டு 1.5 மி.மீ. ஆழமாவது போகட்டும். மேல்தோல் கடினம், மணலும் ஒட்டியிருக்கும். பயந்து மேலோட்டமாகச் சீவினால் டூல் முனைதான் மழுங்கும். எண்ணெய் வேண்டாம், உலர்வாகவே வெட்டுங்கள். கருந்தூள் லேத் பெட்டை (அடித்தளத் தண்டவாளத்தை) தேய்க்கும், அடிக்கடி துடையுங்கள்.

மேலே சொன்ன அளவு விட்வொர்த் மரைக்குப் துளை (போர்) 34.2 மி.மீ. போதும். வேகம் குறைக்கும் பேக் கியர் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் வெட்டுங்கள். லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீண்ட மரைத்தண்டு) அங்குலத்துக்கு 4 மரை என்றால் அதைப் பிடிக்கும் ஹாஃப் நட்டை எந்த இடத்தில் போட்டாலும் 8 மரை தப்பாது. பிளக் கேஜ் கையால் சுழன்று உள்ளே போனதும் மரையை நிறுத்துங்கள். வார்ப்பைக் கழற்றாமலே காலருக்கான துளையை போர் செய்து, கழுத்தின் முகத்தையும் சீவிவிடுங்கள். கேஜ் காலர் ஆட்டமில்லாமல் வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். வாயில் முதல் மரையை 2 மி.மீ. அளவுக்கு எடுத்துவிட்டால் அங்கே பிசிறு எழும்பித் தோளில் உட்காராமல் தடுக்காது.

இப்போது நாலு ஜாவைக் கழற்றி, பேக் பிளேட்டை ஸ்பிண்டிலில் ஏற்றுங்கள். தோளில் மார்க்கிங் நீலம் தடவி ஏற்றிக் கழற்றினால் நீலம் சுற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு மீண்டும் ஏற்றி, முன்முகத்தையும் சக்கின் பின்குழியில் உட்காரும் மேட்டையும் கடையுங்கள். குழி 4 மி.மீ. ஆழமென்றால் மேடு 3.5 மி.மீ. உயரம் இருக்கட்டும். மேடு குழியின் அடியில் முட்டினால் சக்கின் விளிம்பு பேக் பிளேட்டில் படியாது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆடிக்கொண்டே இருக்கும்.

சில பேர் மேட்டை வேண்டுமென்றே 0.2 மி.மீ. சிறிதாகக் கடைந்து, சக்கைத் தட்டித் தட்டி டயல் கேஜில் பார்த்து மையம் சேர்ப்பார்கள். தேய்ந்த ஸ்க்ரோலில் அந்த மையம் நீங்கள் சோதித்த விட்டத்துக்கு மட்டுமே பொருந்தும், ராடு மாறினால் பிழையும் மாறும். தினமும் ஒரே அளவு ராடு கடைபவருக்கு அது சரி. உங்களுக்கு நான் சொல்வது இறுக்கமான மேடுதான்.

போல்ட் துளை குறிக்க ஒரு எளிய வழி: சக்கின் பின்புற மரைத்துளை எம்8 என்றால் மூன்று எம்8 போல்ட்டின் தலையை வெட்டி, முனையைக் கூராக்கி, சக்கின் பின்முகத்துக்கு மேலே 1 மி.மீ. மட்டும் துருத்தும்படி உள்ளே திருகுங்கள். சக்கை மேட்டில் உட்கார வைத்து ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. மூன்று புள்ளி விழும். 9 மி.மீ. துளை போடுங்கள்.

ராடைப் பிடித்து டயல் வைத்தால் 0.08 மி.மீ.க்குள் ஆட்டம் இருந்தால் பழைய சக்குக்கு அது நல்ல கணக்கு. மரை ஸ்பிண்டிலில் வேகமாக ரிவர்ஸ் ஓட்டாதீர்கள், சட்டென்று பிரேக்கும் போடாதீர்கள். சக் கழன்று வந்துவிடும். ஏற்றி இறக்கும்போது பெட்டின் மேல் ஒரு பலகை வையுங்கள்.

கேள்வி: சுத்தம் செய்ய ஜாக்களைக் கழற்றினேன். திரும்ப மாட்டியபின் மூன்றும் ஒரே புள்ளியில் சேரவில்லை. ஜாவில் எண்ணும் அழிந்துவிட்டது.
– வாசகர், ஓசூர்

பதில்: மூன்று ஜாவையும் முனை சமமாக வைத்து, பல் பக்கம் மேலே தெரியும்படி அடுக்குங்கள். முதல் பல் முனைக்கு மிக அருகில் இருப்பது ஒன்று, அடுத்தது இரண்டு, தள்ளி இருப்பது மூன்று. ஸ்க்ரோலைச் சாவியால் சுழற்றி, அதன் தொடக்க நுனி ஒன்றாம் காடியில் எட்டிப்பார்க்கும்போது சற்றே பின்னால் திருப்பி, ஒன்றாம் ஜாவை அழுத்திப் பிடித்தபடி மறுபடி சுழற்றுங்கள். நுனி அடுத்த காடிக்கு வரும்போது இரண்டு, பிறகு மூன்று. எண்ணை உடனே மறுபடி அடித்துவையுங்கள்.