நண்பரின் தொப்பிச் சின்னம்

கேள்வி: ராணுவத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற என் நண்பர், மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், தாம் தொப்பியில் அணிந்திருந்த பித்தளைச் சின்னத்தை என் கையில் வைத்து, "இது உன்னிடம் இருக்கட்டும்" என்றார். இப்போது அது கறுத்துவிட்டது. மெருகிட்டுப் பளபளப்பாக்கலாமா? அவருக்குப் பிள்ளைகள் இருக்க, நான் வைத்திருப்பது முறையா?

பதில்: இரண்டாவது கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். தமக்குப் பிள்ளைகள் இருப்பதை அறிந்தேதான் அவர் அதை உங்களிடம் தந்தார். அது உங்களிடம் இருப்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். பார்க்க விரும்பினால் காட்டுங்கள். ஆனால் இன்றே திருப்பிக் கொடுப்பது அவருடைய விருப்பத்தை நீங்கள் திருத்துவதாகிவிடும்.

மெருகிட வேண்டாம். சின்னத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்துகளின் ஓரமும் நடுவிலுள்ள உருவமும் மழுங்கியிருந்தால், அது அணிவகுப்புக்கு முன் நாள் தவறாமல் மெருகுப்பசை தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து வந்த மழுக்கமாகவே இருக்கும். அவருடைய கட்டைவிரல் அங்கே பதிந்திருக்கிறது. மெருகுப்பசை ஒவ்வொரு முறையும் உலோகத்தில் சிறிதளவை உரித்தெடுப்பதால், நீங்கள் தேய்க்கத் தேய்க்க அவருடைய தேய்மானத்தின் மேல் உங்களுடையது ஏறிவிடும். பித்தளையிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுப்பது இயல்புதான், அதனால் கேடில்லை. பச்சை நிறத்தில் பொடி கட்டினால் மட்டும் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்; மீண்டும் மீண்டும் வந்தால் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பேணும் வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். வியர்வையின் உப்பு பித்தளையை அரிக்கும் என்பதால், கையைக் கழுவித் துடைத்தபின் ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அமில ஆவியை வெளியிடும், கம்பளித் துணியிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். ஆகவே இரண்டையும் தவிர்த்து, அமிலமற்ற தாளில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

பின்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிலர் தம் படை எண்ணை அங்கே கீறி வைத்திருப்பார்கள்.

இத்தகைய சின்னங்கள் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை, பின்னாளில் செய்த நகல்களும் உண்டு. ஆகவே சந்தையில் பொதுவாகப் பெரிய விலை கிடைக்காது. உங்களுக்குப் பிறகு இதைக் கையில் எடுப்பவருக்கு இதுவும் அந்த ஆயிரத்தில் ஒன்றாகவே தெரியும். அதனால், உங்கள் நண்பரின் பெயர், பணிக்காலம், அதைத் தந்த நாள், அப்போது சொன்ன அந்த மூன்று சொற்கள், அடிக்கடி சொன்ன சம்பவம் ஏதேனும் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதிச் சின்னத்தோடு சேர்த்து வையுங்கள். அவருடைய குரல் உங்கள் காதில் இருக்கும்போதே, இந்த வாரமே எழுதிவிடுங்கள்.