பழுதுபார்க்கக் கொடுத்த மிக் வெல்டிங் மெஷினைப் பட்டறைக்காரர் பிடித்துவைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கோவை கணபதியில் சொந்தமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். நானே வெல்டர், உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். 2009-இல் வாங்கிய 400 ஆம்பியர் தைரிஸ்டர் மிக் மெஷினை ஒரு சர்வீஸ் பட்டறையில் கொடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரை ரீவைண்டிங் செய்து (அதன் கம்பிச் சுற்றைப் புதிதாகச் சுற்றி), வெல்டிங் கம்பியைத் தள்ளும் இரண்டு ரோலர் வயர் ஃபீடருக்குப் பதிலாக நான்கு ரோலர் ஃபீடர், யூரோ கனெக்டர் டார்ச், புதிய கண்ட்ரோல் கார்டு ஆகியவற்றைப் பொருத்தித் தருவதாகப் பேச்சு. 68,000 ரூபாய், ஆறு மாத வாரண்டி என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. 40,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மெஷின் திரும்பி வந்த ஒன்பதாம் நாளே, ஐந்தாறு நிமிடம் ஓட்டினால் சூடேறி நின்றுவிட்டது. அன்றே வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பினேன். வாரண்டியில் சரிசெய்வதாக எடுத்துப் போனவர், இப்போது பாக்கி 28,000 ரூபாயும் இடவாடகை 15,000 ரூபாயும் கொடுத்தால்தான் மெஷின் என்கிறார். என் மெஷினிலிருந்த காப்பர் கம்பியை எடுத்துவிட்டு அலுமினியம் சுற்றியதாக, அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவர் சொல்கிறார். போலீஸில் புகார் கொடுப்பதா, நுகர்வோர் நீதிமன்றம் போவதா?

பதில்: இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் வழக்கின் பலம் இருக்கிறது. உங்கள் முக்கியச் சாட்சியம் அந்த மெஷினின் உள்ளே இருக்கிறது. மெஷினோ எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. அலுமினியம் சுற்றியிருக்கிறாய் என்று இன்றே அவரிடம் போய்ச் சண்டையிட்டால், நாளையே டிரான்ஸ்ஃபார்மர் பிரிக்கப்படலாம். ஆகவே காப்பர் பற்றிய பேச்சை இப்போதைக்கு எடுக்காமல், மெஷினை இருக்கும் நிலையிலேயே திரும்பப் பெறுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுத்த பொருளைக் கூலிக்காகப் பிடித்துவைக்கும் உரிமை சட்டத்தில் இல்லாததல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 170, ஒப்படைக்கப்பட்ட பொருளின்மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், அந்த வேலைக்குரிய கூலி கிடைக்கும் வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. இதுவே பற்றுரிமை. ஆனால் அந்த வேலை ஒப்படைப்பின் நோக்கத்துக்கு ஏற்ப நடந்திருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் நிபந்தனை. ஐந்து நிமிடத்தில் நின்றுபோகும் மெஷினை அப்படிப்பட்ட வேலை என்று சொல்ல முடியாது. அதைவிட வலுவான வாதம் ஒன்றும் உங்களுக்கு உண்டு. பற்றுரிமை என்பது பொருள் கைவசம் இருக்கும் வரைக்கும்தான். முதல் வேலை முடிந்து மெஷினை உங்களிடம் ஒப்படைத்தபோதே, அந்த வேலையின் பாக்கிக்காக அவருக்கு இருந்த பற்றுரிமை போய்விட்டது. பின்னர் வாரண்டிக்காக எடுத்துச் சென்றது வேறோர் ஒப்படைப்பு, அதற்குத் தனிக் கூலி கிடையாது. இடவாடகைக் கோரிக்கைக்கோ அடிப்படையே இல்லை: பிரிவு 170 காப்பது உழைப்புக்கான கூலியை, தாமே பிடித்துவைத்திருக்கும் பொருளுக்கு, ஒப்பந்தத்தில் இல்லாத வாடகையை ஒருவர் கேட்க முடியாது.

இருந்தாலும், வாதம் உங்கள் பக்கம் இருக்கிறதென்று மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, பாக்கி 28,000 ரூபாயை எதிர்ப்பைப் பதிவுசெய்து வங்கி வழியாகச் செலுத்திவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். பணம் அனுப்பும் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். வேலையில் குறைபாடு உண்டு, இத்தொகை உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்தப்படுகிறது, மெஷினை எந்த மாற்றமும் செய்யாமல் ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இதற்குப் பிறகும் அவர் தராவிட்டால், பற்றுரிமை என்ற சாக்குக்கும் இடமிருக்காது. அத்துமீறிப் பிடித்துவைத்தார் என்பது எழுத்திலேயே நிற்கும். பணம் கைக்கு எட்டாத நிலை என்றால், கட்டாமலேயே நோட்டீஸ் அனுப்பலாம். அப்போது மெஷின் வந்துசேரச் சற்றுக் காலமாகலாம்.

மெஷின் கைக்கு வந்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பட்டறையில் இறக்குவதற்கு முன்பே எடைமேடையில் எடை போட்டு ரசீது வாங்குங்கள். மெஷினின் பெயர்த்தகட்டில் எடையும் டியூட்டி சைக்கிளும் (பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்ற அளவு) பொறிக்கப்பட்டிருந்தால், அதைத் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் காப்பரில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதே மின்னோட்டத்தைத் தாங்க வேண்டுமானால் கம்பியின் குறுக்குப்பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் வேண்டும்; காப்பருக்கென்று செய்த பழைய கோரின் (டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நடுப்பகுதியின்) இடைவெளியில் அவ்வளவு தடித்த கம்பி அடங்காது. மெலிந்த கம்பியைச் சுற்றினால் மின்தடை கூடி, சூடு ஏறி, மெஷினைத் தானாக நிறுத்தும் தெர்மல் கட்-ஆஃப் விழும். அப்படியே தடிப்பாகச் சுற்ற முடிந்தாலும் சுற்றின் எடை காப்பரில் பாதியளவே வரும். கோரின் இரும்பும் பெட்டியும் எடையில் பெரும் பங்கு வகிப்பதால், மொத்த எடைக் குறைவு ஓர் அறிகுறி மட்டுமே. முடிவான சாட்சியம், பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) ஒருவரோ அரசுப் பாலிடெக்னிக்கின் மின்துறை ஆசிரியர் ஒருவரோ, எதிர்த்தரப்புக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வீடியோ பதிவுடன் மூடியைத் திறந்து, சுற்றின் முனையில் வார்னிஷைச் சுரண்டி உலோகத்தைப் பார்த்துத் தரும் அறிக்கையே.

கொட்டேஷனை இன்னொரு முறை வரி விடாமல் படியுங்கள். ரீவைண்டிங் தொழிலில் பழைய காப்பர் கம்பியைப் பட்டறைக்காரரே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்படி ஏதேனும் வாசகம் இருந்தால், கம்பியை எடுத்தது தவறாகாது. ஆனால் பதிலுக்கு அலுமினியம் சுற்றப்போவதை உங்களிடம் சொன்னாரா என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்), இது வணிக நோக்கத்துக்கான மெஷின், ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்பது எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபமாக இருக்கும். இதற்கு 1995-ஆம் ஆண்டின் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தீர்ப்பு உங்களுக்குத் துணையாகும். அவ்வழக்கில் மெஷின் வாங்கிய நிறுவனம் தோற்றது உண்மைதான். ஆனால் பிழைப்புக்காக ஒரு லேத்தையோ வேறு மெஷினையோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோரே என்றும், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்த நிலையை அவர் இழப்பதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் அதில் தெளிவாகக் கூறியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(7) விளக்கத்தில் சுயதொழில் விலக்கு வாங்கிய பொருளைப் பற்றியே பேசுகிறது, சேவையை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஃபீடரும் டார்ச்சும் கார்டும் நீங்கள் விலைகொடுத்து வாங்கிய பொருள்கள் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பொருளுக்கும் சேவைக்கும் நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மெஷின் இன்னும் வராமல் இருந்தால், அதில் கைவைக்கக் கூடாதென்று பிரிவு 38(8)-இன்கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

ஒன்பதாம் நாள் அனுப்பிய வாட்ஸ்அப் புகார், நீங்கள் நினைப்பதைவிட மதிப்புள்ளது. எதிர்த்தரப்பு உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்றவராக இருந்தால், குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-ஐக் காட்டிப் பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். அச்சட்டப்படி, ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், கைபேசியை மாற்றாதீர்கள். பாரதிய சாக்‌ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-இன்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழுடன் அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

இழப்பீட்டில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். ஒப்பந்தச் சட்டப் பிரிவு 73-இன் எடுத்துக்காட்டு ஒன்று உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது: மெஷின் வராமல் ஆலை நின்றிருப்பதாகச் சொல்லியும் தாமதித்தவர், அந்த நாள்களின் சராசரி இலாபத்தைத் தர வேண்டும், கைநழுவிய அரசு ஒப்பந்தத்தின் இழப்பைத் தர வேண்டியதில்லை. அதனால் ஆர்டர் போன கணக்கைவிட, மாற்று மெஷினை வாடகைக்கு எடுத்த ரசீதுகளே உதவும். பராமரிப்பு ஒழுங்கில்லை, ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறியது என்றும் அவர் சொல்வார். காற்றடித்துத் தூசி நீக்கிய நாள்கள் ஏதேனும் பதிவேட்டில் இருந்தால், லைனர், கான்டாக்ட் டிப் போன்ற டார்ச் உதிரிகள் வாங்கிய பில்களுடன் அதையும் எடுத்துவையுங்கள்.

போலீஸ் புகார் கடைசியில்தான். காப்பரை நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தார் என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 316-இன்கீழ் நம்பிக்கை மோசடி. பிரிவு 316(2)-இல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆயினும் முன்னாள் ஊழியரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துப் போனால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். பொறியாளர் அறிக்கையுடன் போங்கள். அப்போதும் பதிவு செய்ய மறுத்தால், காவல் கண்காணிப்பாளர் நிலையிலான அதிகாரிக்கும், பிறகு குற்றவியல் நடுவருக்கும் மனு கொடுக்க வழி இருக்கிறது. ஆள் சேர்த்துப் போய் மெஷினைத் தூக்கி வருவது மட்டும் கூடவே கூடாது. உங்கள்மீதே வழக்கு வரும்.

இடையில் அவர் சமரசத்துக்கு வந்தால் மறுக்க வேண்டாம். காப்பர் கம்பியிலேயே மீண்டும் சுற்றித் தருவதாகவும், பெயர்த்தகட்டில் உள்ள டியூட்டி சைக்கிளுக்கு, அது 60 சதவீதம் என்றால் 400 ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் வீதம், உங்கள் முன்னிலையில் ஓட்டிக்காட்டிய பிறகே ஒப்படைப்பதாகவும், வாரண்டி அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்குவதாகவும் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்.