கேயாஸ் சிக்னலில் வீடியோ பாதுகாப்பு: ப்ராஜெக்டுக்குச் சரி, வேலைக்கு?

கேயாஸ் சிக்னலைக் (விதிப்படியே உருவானாலும் வெறும் இரைச்சல் போலத் தெரியும் சிக்னல்) கொண்டு வயர்லெஸ் வீடியோவைப் பாதுகாப்பதை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்கலாமா, அதையே நம்பி மேற்படிப்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ராஜெக்டாகத் தாராளமாக எடுங்கள். மற்றதுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தத் துறையின் கதையே ஒரு துரத்தல்தான். ஒரே மாதிரியான இரண்டு கேயாஸ் அமைப்புகளை ஒத்து ஓட வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் பெக்கோராவும் கரோலும் 1990இல் காட்டினார்கள். 1993இல் கியூமோவும் ஓப்பன்ஹைமும் கேயாஸைத் தரும் லோரன்ஸ் சமன்பாடுகளைச் சர்க்யூட்டாகவே கட்டி, அதன் இரைச்சலுக்குள் பேச்சை ஒளித்து அனுப்பி மீட்டார்கள். அடுத்த ஆண்டே கெவின் ஷார்ட் அப்படிப்பட்ட மறைப்பை உடைக்கும் வழியைச் சொல்லிவிட்டார். இரைச்சல் போலத் தெரிவது வேறு, ரகசியமாக இருப்பது வேறு. பல மாணவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: ஹிஸ்டோகிராம் (பிக்சல் மதிப்புகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) தட்டையாக வந்ததும் 'பாதுகாப்பானது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

நீங்கள் அப்படி முடிக்காதீர்கள். லாஜிஸ்டிக் மேப்பில் (கேயாஸ் எண்களைத் தரும் ஓர் எளிய சூத்திரம்) எண்களை உருவாக்கி ஃபிரேமோடு எக்ஸ்ஆர் (XOR, பிட்டுக்குப் பிட் கலப்பது) செய்வது ஒரு நாள் வேலை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதே எண்வரிசை என்றால், ஒரு ஃபிரேம் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் கிடைத்துவிடும். கணினியின் துல்லியத்துக்கு எல்லை இருப்பதால், அந்த வரிசை என்றாவது ஒருநாள் பழைய பாதைக்கே திரும்பும். வயர்லெஸில் பாக்கெட் தொலைந்தால் இரு முனைகளும் மறுபடி எப்படி ஒத்துப்போகும்? வீடியோவைச் சுருக்கிய பிறகே மறைக்க வேண்டும். மறைத்த தரவு சுருங்காது. இவற்றுக்கு விடை தேடினால், ப்ராஜெக்ட் தானாக நன்றாக வரும். 'ஏ.இ.எஸ். (பரவலாகப் பயன்படும் மறையாக்க முறை) இருக்கும்போது இது எதற்கு?' என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். இரண்டின் வேகத்தையும் ஒரே போர்டில் அளந்து வையுங்கள்.

வேலை என்று வந்தால், நிறுவனங்கள் வீடியோவுக்குப் பயன்படுத்துவது ஏ.இ.எஸ்., எஸ்ஆர்டிபி, டிஎல்எஸ் போன்ற நிலைபெற்ற பாதுகாப்பு முறைகளைத்தான். நேர்காணலில் கேயாஸ் பற்றிக் கேட்பது அபூர்வம். சி, நெட்வொர்க்கிங், வீடியோ கோடெக், எம்பெடெட் எல்லாம் கேட்பார்கள். உங்கள் ப்ராஜெக்டை இவற்றின் மேல் கட்டினால் அதே உழைப்பு இரண்டுக்கும் உதவும்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் வழி இருக்கிறது. 2005இல் ஏதென்ஸ் நகரத்தின் ஃபைபர் கேபிளில் 120 கிலோமீட்டர் தூரத்துக்கு லேசர் கேயாஸால் தகவல் அனுப்பிக் காட்டினார்கள். வழிகாட்டியைத் தேடும்போது மட்டும், கிரிப்டோகிராஃபி படித்தவரா என்று பாருங்கள். புது மறைப்புத் திட்டம் முன்வைக்கும் கட்டுரைகளைவிட, பிறர் திட்டத்தை உடைத்துக் காட்டிய கட்டுரை அவர் பெயரில் இருந்தால் தயங்காமல் சேருங்கள்.