ஸ்டேட்டை எங்கே வைப்பது? வன்னியில் இருந்து வந்த கேள்விகள்

இந்த முறை வந்தவை முக்கால்வாசியும் ரியாக்ட்டில் (வெப் செயலியின் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) குளோபல் ஸ்டேட், அதாவது செயலி முழுவதும் பகிரும் தரவு, பற்றியவை. கேட்டவர்களை ஊரைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

மாங்குளம்: அண்ணா, ரெடக்ஸ் படிக்கவா, சுஸ்டாண்ட் படிக்கவா?

இரண்டும் அப்படிப்பட்ட தரவை வைக்கும் லைப்ரரிகள். முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் செயலியில் உள்ள தரவை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் யார் என்று குறியுங்கள். சேர்வரில் இருந்து வருவது சேர்வருடையது. தட்டிக்கொண்டிருக்கும் படிவம் அந்தக் கொம்பொனன்டுடையது, அதாவது திரையின் அந்தத் துண்டுடையது. பக்க எண்ணும் ஃபில்டரும் யூஆர்எல்லில் இருக்கட்டும். அப்போதுதான் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்றவருக்கும் அதே பக்கம் திறக்கும். மிஞ்சுவது லொகின் செய்தவர், மொழி, இப்படி நாலைந்துதான். அதற்கு சுஸ்டாண்ட் தாராளம்.

கிளிநொச்சி: சேர்வர் தரவை ஸ்டோரில் (குளோபல் ஸ்டேட் இருக்கும் இடம்) கொப்பி எடுத்து வைத்தால் என்ன பிழை?

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். காலபோக அறுவடை நேரம், நெல் கொள்வனவுக்கு ஒரு செயலி எழுதினேன். விலைப்பட்டியல் ஸ்டோரில் இருந்தது. பில் படிவம் திறக்கும்போது அந்த விலையை, கொம்பொனன்டின் சொந்த ஸ்டேட்டை வைக்கும் யூஸ்ஸ்டேட்டுக்குள் ஆரம்ப மதிப்பாகப் போட்டேன். ஆரம்ப மதிப்பை ரியாக்ட் முதல் ரெண்டரில் (திரையை வரையும்போது) மட்டும்தான் பார்க்கும். பிறகு வெளியே எது மாறினாலும் அதற்குத் தெரியாது. மத்தியானம் விலை 118இல் இருந்து 122 ஆனது. திரையின் மேலே 122, கீழே பில்லில் 118. மூட்டையை நிறுத்துக் கொடுத்த ஐயா இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டி, "எது தம்பி சரி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்வது: ஒரே தரவை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள். நெல் வகையின் ஐடியை மட்டும் படிவத்தில் வையுங்கள், விலையை அந்த நேரத்தில் எடுத்துக் கணக்கிடுங்கள். சேர்வர் தரவுக்கு டான்ஸ்டாக் குவெரி என்ற லைப்ரரி நல்லது. வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினால், பழசான தரவைத் தானே மறுபடி எடுத்து வரும். ஒன்று மட்டும் கவனம்: போட்டு முடித்த பில்லில் விலை உறைந்தே இருக்க வேண்டும். அது கொப்பி அல்ல, பதிவு.

புதுக்குடியிருப்பு: ரெடக்ஸா, சுஸ்டாண்டா?

மாங்குளத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

வவுனியா: கான்டெக்ஸ்ட் போட்டபின் தேடல் பெட்டி இழுக்கிறது.

கான்டெக்ஸ்ட் என்பது தரவை உள்ளே இருக்கும் கொம்பொனன்டுகளுக்கு நேரே கொடுக்கும் ரியாக்ட்டின் சொந்த வழி, கொடுப்பது புரொவைடர். அதன் வால்யூ ஒவ்வொரு ரெண்டரிலும் புது ஒப்ஜெக்டாக இருந்தால், அதைப் படிக்கும் எல்லாக் கொம்பொனன்டும் திரும்ப ரெண்டர் ஆகும். கொம்பொனன்டைச் சும்மா திரும்ப ரெண்டர் செய்யாமல் தடுக்கும் மெமோ போட்டாலும் நிற்காது. வால்யூவை, தரவு மாறாதவரை பழைய ஒப்ஜெக்டையே தரும் யூஸ்மெமோவில் வையுங்கள், அடிக்கடி மாறுவதைத் தனிக் கான்டெக்ஸ்டாகப் பிரியுங்கள்.

முல்லைத்தீவு: கான்டெக்ஸ்டைக் குறை சொல்ல வேண்டாம் அண்ணா. இரண்டு வருடமாக லைப்ரரி இல்லாமல்தான் எழுதுகிறேன். ரெடக்ஸ் எல்லாம் செத்துவிட்டது.

முதல் பாதி நியாயம். மொழி, தோற்றம் போல எப்போதாவது மாறுவதற்குக் கான்டெக்ஸ்ட் போதும். இரண்டாம் பாதியை ஏற்கமாட்டேன். டான் அப்ராமோவும் அண்ட்ரூ கிளார்க்கும் 2015இல் தந்த ரெடக்ஸில் எழுத்துவேலை அதிகம்தான். 2019இல் ரெடக்ஸ் டூல்கிட் 1.0 வந்தபின் அது பெருமளவு குறைந்துவிட்டது. ஆறேழு பேர் சேர்ந்து எழுதும் செயலியில், எந்த அக்ஷன் (ஸ்டேட்டை மாற்றச் சொல்லும் செய்தி) எதை மாற்றியது என்று வரிசையாகத் திரும்பிப் பார்க்க முடிவது பெரிய நிம்மதி. புதுசுதான் நிலைக்கும் என்றும் இல்லை: ஃபேஸ்புக் 2020இல் வெளியிட்ட ரீகொயில் என்ற ஸ்டேட் லைப்ரரி 2025 தொடக்கத்தில் ஆர்க்கைவ் ஆகி, கைவிடப்பட்டுவிட்டது.

மல்லாவி: எந்த லைப்ரரி நல்லது?

தாளில் எழுதினீர்களா? எழுதிவிட்டு வாருங்கள்.

ஒட்டுசுட்டான்: ரிஃப்ரெஷ் செய்தால் ஸ்டேட் போய்விடுகிறது.

ஸ்டேட்டைச் சேமித்து வைக்கும் சுஸ்டாண்டின் பெர்சிஸ்ட் போடுங்கள், பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் நிற்கும். லொகின் டோக்கனை (உள்ளே வந்தவர் யார் என்று காட்டும் சாவி) மட்டும் அங்கே வைக்காதீர்கள். பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதை வாசிக்கலாம். சேர்வர் விலைப்பட்டியலையும் வைக்காதீர்கள். அதுவும் இரண்டாவது கொப்பிதான், திரும்பவும் சொல்கிறேன்.

நெடுங்கேணி: வியூவில் எப்படி?

ரியாக்ட் போன்ற இன்னொன்றான வியூவில் நான் வேலை செய்வதில்லை. அதன் பழைய ஸ்டேட் லைப்ரரியான வியூக்ஸுக்குப் பதில் பீனியாவைத்தான் வியூ குழுவினரே பரிந்துரைக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

திரும்பவும் முல்லைத்தீவு: புரொஃபைலர் (எது எப்போது ரெண்டர் ஆகிறது என்று காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன் அண்ணா. தேடல் பெட்டியில் ஒரு எழுத்துத் தட்ட, பட்டியலின் 200 வரிசையும் ரெண்டர் ஆகிறது.

சரி, தேடல் சொல்லை மட்டும் கான்டெக்ஸ்டில் இருந்து வெளியே எடுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள்.