ஒட்டுப்போட்ட கிராமபோனுக்கு என்ன விலை?

கே: தாத்தா சுங்கை சிப்புட் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கிய எச்.எம்.வி 102 கிராமபோன் பெட்டி. ஊசியைப் பிடித்து ஒலி எழுப்பும் சவுண்ட் பாக்ஸில் விரிசல். பசை வைத்து ஒட்டலாம் என்கிறார்கள். ஒட்டலாமா?

வேண்டாம். 102 மாடல் 1931இல் வந்தது. அந்தக் காலத்து சவுண்ட் பாக்ஸ்கள் பலவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அதில் துளி ஈயம் கலந்திருந்தாலும் வருடம் போகப் போக உலோகம் உள்ளிருந்தே அரித்து, உப்பி, வெடிக்கும். நம் ஊர் ஈரமும் சூடும் அதை இன்னும் விரைவாக்கும். விரிசல் வலைபோலப் பரவி, சவுண்ட் பாக்ஸின் மூடி உப்பியிருந்தால் இதே நோய்தான். ஒரு இடத்தில் ஒட்டினால் பக்கத்தில் விடும். அப்படி ஒட்டியதை நல்ல பாகத்தின் விலைக்கு வாங்கி ஏமாந்தவன் நான். அதே மாடலுக்குரிய பழைய சவுண்ட் பாக்ஸ் தேடுங்கள். தாத்தாவுடையதைத் தூக்கி எறியாமல் பெட்டியோடு வையுங்கள்.

அப்புறம், சவுண்ட் பாக்ஸுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருக்கும். பழைய ரப்பர் என்ன ஆகும் என்பது தோட்டத்து ஆட்களுக்குத் தெரியாததா? அதைப் புதிதாக மாற்றினால் பெட்டியின் மதிப்பு குறையாது. மாற்றாவிட்டால் பாட்டு கரகரக்கும், ரிக்கார்டும் தேயும்.

கே: மோட்டார் ஸ்பிரிங்கை ரிவிட் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். வாங்கலாமா?

எங்கே உடைந்தது என்று கேளுங்கள். நுனியில் உடைந்து, சூடு காட்டிப் புதுத் துளை போட்டிருந்தால் ஓடும் நேரம்தான் கொஞ்சம் குறையும். அது நல்ல வேலை. நடுவில் ரிவிட் என்றால் ஸ்பிரிங்கே இல்லை என்று கணக்கிட்டு விலை பேசுங்கள். சாவியை முழுக்க முறுக்கி, தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியை ரிக்கார்டில் வைத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 78 வர வேண்டும். பாட்டின் முடிவில் வேகம் தளர்ந்தால் அல்லது உள்ளே ‘தொம்’ என்று சத்தம் வந்தால் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் களைத்திருக்கும். முறுக்கோடு இருக்கும் மோட்டாரை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். கையைக் கிழித்துவிடும்.

கே: ஈப்போவில் பளபளக்கும் பித்தளைக் குழலோடு ஒன்று பார்த்தேன். பழையதா?

பெரும்பாலும் புதிதாகக் கூட்டிச் சேர்த்ததாக இருக்கும். மெல்லிய பித்தளை, பெட்டியில் புது மர வாசனை, எச்.எம்.வி சின்னமான நாய் படம் போட்ட தகடு, உள்ளே ஏதோ ஒரு கைப்பெட்டியின் மோட்டார். அலங்காரத்துக்கு வாங்கலாம், பழமைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கே: மூடியில் அம்மா சின்ன வயதில் ஆணியால் தன் பெயரைக் கீறியிருக்கிறார். விற்கும் எண்ணம் இல்லை. மறைத்து உறை மாற்றலாமா?

சந்தையில் அதற்காகக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள், கேட்கட்டும். விற்கும் எண்ணமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியே விடுங்கள். பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, எடுத்து வைக்கும் முன் ஸ்பிரிங் முழுக்க ஓடித் தளரட்டும்.