யூதப் பாட்டி அணிந்திருந்த மஞ்சள் நட்சத்திரத் துணியைத் துவைத்து வைக்கலாமா?

துவைக்கவே கூடாது. 1941 செப்டம்பரில் நாஜி ஆட்சியால் ஜெர்மனியில் ஆறு வயது நிரம்பிய யூதர்கள் உடையின் இடது மார்பில் தைத்திருக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட துணி அது. ஓரத்து ஊசித் துளைகள், அறுந்து தொங்கும் நூல், வியர்வைக் கறை, எல்லாமே சாட்சியம். தண்ணீர் பட்டால் கறையும் போகும், கறுப்பு எழுத்தின் சாயமும் கசியலாம்.

நட்சத்திரத்தின் நடுவே 'யூதர்' என்று பொருள்படும் எழுத்தையும் கவனியுங்கள்: 'யூடெ' என்றால் ஜெர்மன் மொழி, 'யோட்' என்றால் நெதர்லாந்தின் டச்சு, 'ஷுயிஃப்' என்றால் பிரெஞ்சு. எந்த நாட்டில் அணிந்தார் என்பதற்கு அது துப்பு.

லேமினேஷன், ஒட்டுநாடா, குண்டூசி எதுவும் வேண்டாம். ஊசியின் துரு துணியை அரித்துவிடும். அமிலமற்ற மெல்லிய தாளுக்கு நடுவே மடிக்காமல் பரப்பி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டிய இருட்டு அலமாரியில் வையுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் வெளிச்சத்தில் மஞ்சள் வெளுக்கும். வெளுத்த நிறம் திரும்பாது. அணிந்தவர் பெயரையும் ஊரையும் பெட்டிமேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்.